பதினான்காம் குப்பி

மரத்தில் செய்த ஒரு கூட்டல் குறி.
தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நிற்கிறது.
இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு,
மற்ற இரண்டும் வெட்டவெளி.
நடுவில் எலியை விட்டுவிட்டு
கடிகாரத்தை அமுக்குகிறேன். ஐந்து நிமிடம்.
வெட்டவெளியில் எத்தனை வினாடி நின்றது,
அதுதான் என் சம்பளம், பத்தொன்பது வருடமாய்.

பயத்தை யாரும் பார்த்ததில்லை.
சுவரோடு ஒட்டிய முதுகைப் பார்த்திருக்கிறோம்,
பலகையில் அது விட்டுப்போகும் புழுக்கைகளை.
அவற்றையும் எண்ணுகிறேன்.
தாளில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

மருந்து ஓர் ஏழெழுத்துச் சொல்.
முதல் நான்கெழுத்தை உடம்பு முன்பே அறியும்,
ரத்தத்தில் எங்கோ அதையே எழுதிவைத்திருக்கிறது.
தனியே விட்டால் நிமிடங்களில் உதிர்ந்துபோகும் என்று
பின்னால் மூன்றை ஒட்டினார்கள், விகுதி போல.
சொல் நீண்டது.
பொருள் மாறியதா என்றுதான்
இந்த எலிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூக்கில் ஒரு துளி.
குப்பிகளின் மேல் எண் மட்டும், ஒன்று முதல் இருபத்துநான்கு.
எது மருந்து, எது வெறும் உப்புநீர் என்பது
ரோஸா ஷாமிலெவ்னாவின் இரும்புப் பெட்டியில்
அரக்கு வைத்த உறைக்குள் தூங்குகிறது.
எண்ணுகிறவள் அறியக் கூடாது.
அறிந்துவிட்டால் விரல் பொய் சொல்லும்,
கால் வினாடி, அரை வினாடி,
தனக்கே தெரியாமல்.

பிப்ரவரியில் ஒரு மாலை இக்னாத் வந்தான்.
விடிந்தால் ஆய்வேட்டோடு ஏழு பேராசிரியர் முன் நிற்க வேண்டும்.
உயிர் தொண்டைக்குழியில் இருந்தது அவனுக்கு.
"தைசியா அர்கதியெவ்னா, ஒரே ஒரு துளி."
விதிகளைச் சொன்னேன். கதவைக் காட்டினேன்.
அவன் போகவில்லை.
ஓகா ஆற்றில் பனி விரிசல்விடும் ஓசை ஜன்னல்வரை வந்தது.
எழுந்துபோய்த் தேநீர் போட்டேன், மெதுவாக,
தேவைக்குமேல் மெதுவாக, முதுகைத் திருப்பிக்கொண்டு.
திரும்பியபோது அறையில் யாருமில்லை.
பதினான்காம் குப்பியின் மூடி
கொஞ்சம் கோணலாக இருந்தது.

அடுத்த நாள் அவன் பேசியது ஊரெல்லாம் பேச்சு.
குறுக்கே புகுந்த கிழவரைப் பார்த்து
"முடித்துவிட்டுச் சொல்கிறேன், உட்காருங்கள்" என்றானாம்.
ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

ஏப்ரலில் அரக்கை உடைத்தோம்.
கூட்டி வகுத்துப் பார்த்ததில், மருந்து பெற்ற எலிகள்
சற்றே கூடுதலாய் வெளியே நின்றிருந்தன.
சற்றே.
இன்னும் எலிகள் வேண்டும் என்றாள் ரோஸா.
என் கண் மட்டும் ஒரு வரியில் நின்றுவிட்டது.
பதினான்கு: உப்புநீர்.
அந்தக் குப்பியின் எலியையும் தேடி எடுத்தேன்.
ஐந்து நிமிடமும் சுவரோரம். ஒன்பது புழுக்கை.

இப்போது அவன் தோம்ஸ்க்கில் பாடம் நடத்துகிறான்.
அங்கே விடிகாலை மூன்று மணிக்கு உறக்கம் போய்விடுகிறது,
இங்கே என் வீட்டில் பதினொன்றுக்குத் தொலைபேசி அலறுகிறது.

சுரங்கத்தில் மண் சரிந்து தம்பி போன இரவும்
இதே மணிதான், இதே நேரம்தான்.
அன்றிலிருந்து அது அடித்தால் அடிவயிறு கலங்கும்.
நடைவழிச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறேன்.
பழக்கதோஷம், எண்ணுகிறேன்.
இருபத்தொன்று, இருபத்திரண்டு.
மூக்கில் எதுவும் விடாதவள்
முப்பத்தேழில் போய் எடுக்கிறேன்.

"அந்தத் துளி இன்னும் இருக்கிறதா?
அடுத்த வாரம் துறைத் தலைவரிடம் பேச வேண்டும்.
எந்தக் குப்பி அது, நினைவிருக்கிறதா?"

அவன் மூச்சு கம்பியில் கேட்கிறது.
இரண்டாயிரம் மைலுக்கு அப்பால்
அவனும் ஏதோ ஒரு சுவரில் சாய்ந்திருப்பான்.

"பதினான்கு" என்கிறேன்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.